வெளங்கல சேர்

உலகத்தில் எத்தனையோ வாத்தியார்கள் இருக்கிறார்கள். எல்லோரும் பாடம் தெரிந்த பிள்ளைக்குத்தான் கைதட்டுவார்கள். பாடம் தெரியாது என்று சொன்ன பிள்ளைக்கு வகுப்பையே எழுப்பி நிற்கவைத்துக் கைதட்டச் சொன்ன ஒரே மனிதர் எங்கள் வெளங்கல சேர்தான். எங்கள் டயகமத் தேயிலைத் தோட்டத்தில் மட்டுமில்லை, அட்டனில் கேட்டுப் பாருங்கள், நோர்வூட்டில் கேட்டுப் பாருங்கள், கடல் தாண்டிப் போய் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அப்படி இன்னொருவர் இருந்தால் என் காதை அறுத்துத் தருகிறேன். தோட்டை மட்டும் முதலில் கழற்றிக்கொள்வேன்.

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். என் பேச்சைக் கொஞ்சம் இஸ்திரி போட்டுத்தான் எழுதுவாள். பத்திரிகைக்குப் போகும்போது சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டா போவது என்று கேட்கிறாள். போகட்டும்.

நான் பள்ளிக்கூடத்துக் குசினியில் பிள்ளைகளுக்குப் பகல் சாப்பாடு ஆக்குகிறவள். குசினிக்கும் நாலாம் வகுப்புக்கும் நடுவில் ஒரு சன்னல். அதன் கண்ணாடி எப்போதோ உடைந்துவிட்டது. அதனால் நான் பருப்புக்கு உப்புப் போடும்போதே கணக்குப் பாடமும் காதில் விழும். அந்தச் சன்னல் வழியாக எத்தனையோ புது வாத்தியார்களைப் பார்த்துவிட்டேன். ஒரு சேர் பிரம்போடு வந்தார். மாசக் கடைசியில் பிள்ளைகள் அந்தப் பிரம்பால் பக்கத்து மரத்தில் கொய்யாப்பழம் அடித்துக்கொண்டிருந்தார்கள். இன்னொருவர் டொபி கொடுத்தே பாடம் நடத்தினார். டொபி முடிந்த அன்று பாடமும் முடிந்தது. ஒரு மிஸ் தினமும் மேசையில் தலை வைத்து அழுவார். தனியாக அழுகிறாரே என்று பிள்ளைகளும் கூட அழுவார்கள். நான் கண்டதைச் சொல்கிறேன், முதல் வருசத்தில் படிக்கிறது வாத்தியார்தான். பிள்ளைகள் சம்பளம் வாங்காமல் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

என்ன, அந்தப் படிப்பு முடிவதற்குள் மாற்றம் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். குளிர், அட்டை, பஸ் இல்லை, போனுக்கு சிக்னல் எப்போதாவதுதான். யாரைக் குற்றம் சொல்வது? கடைசியாக ஒருவர் போன பிறகு நாலாம் வகுப்புக்கு ரொம்ப நாள் ஆளே வரவில்லை. பிள்ளைகள் தாங்களே மணியடித்து, தாங்களே உட்கார்ந்து, தாங்களே எழுந்து வீட்டுக்குப் போனார்கள். அதனால் இந்த சேர் வந்து இறங்கியபோது லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற பெண்கள் எல்லோருக்கும் ஒரே வேண்டுதல்தான். இவராவது நிற்க வேண்டும். இவரும் போய்விட்டால் இந்த மலைக்கு இனி யாரையும் அனுப்பமாட்டார்கள்.

அவர் வந்தது யாழ்ப்பாணத்திலிருந்து. பஸ்ஸில் இறங்கும்போது உடம்பில் ஒரு மெல்லிய அரைக்கைச் சட்டை. இறங்கிய இடத்திலேயே பல் தந்தியடிக்க ஆரம்பித்தது. மறுநாள் பெட்டியில் இருந்த சட்டை எல்லாவற்றையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டு, தலையில் துவாயைக் கட்டி, இரண்டு கைக்கும் காலுறை மாட்டிக்கொண்டு வகுப்புக்கு வந்துவிட்டார். கைக்குக் காலுறை, காலுக்கு வெறும் செருப்பு. பலகையில் எழுதுகிற சோக் கட்டி அந்தக் காலுறையில் நிற்குமா? வழுக்கி வழுக்கி விழுந்தது. அவர் குனிந்து எடுக்க, துவாய் விழுந்தது. துவாயை எடுக்க, புத்தகம் விழுந்தது.

பிள்ளைகள் சிரிக்கவில்லை. ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. இன்னொரு நாள் கழுத்தில் அட்டை ஏறி, "ஐயோ அம்மா!" என்று மேசைமேல் தாவி ஏறிக்கொண்டார். அப்போதும் பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு, மேசைமேல் ஏறுவதும் பாடத்தில் சேர்த்தியாக்கும் என்கிற மாதிரி மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்தான் குசினியில் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

இடைவேளையில் சன்னலுக்கு வந்து நின்றார்.

"அம்மம்மா, ஒரு தேத்தண்ணி கிடைக்குமோ?"

"ஒரு அம்மா போதுங்க சேர், எதுக்கு ரெண்டு?"

"எங்கட ஊரில அம்மான்ர அம்மாவை அப்பிடித்தான் கூப்பிடுறது."

"அப்ப ரெண்டு அம்மாவுக்கும் சேத்து ரெண்டு கோப்பை குடிங்க. ஒடம்பு நடுங்குது பாருங்க."

குடித்துவிட்டு என்னிடம் ரகசியம் மாதிரிச் சொன்னார். "அம்மம்மா, நான் படிப்பிச்ச காலத்தில இப்பிடிக் கெட்டிக்காரப் பிள்ளையளைக் கண்டதே இல்லை. ஒருக்காச் சொன்னால் போதும், உடன விளங்கிடுது."

"எத்தனை வருசமா படிச்சுக் குடுக்குறீங்க சேர்?"

"போன திங்கட்கிழமையில இருந்து."

பாவம், அவர் அப்படி நினைத்ததிலும் தப்பில்லை. பலகையில் ஒரு கணக்கைப் போடுவார். திரும்பி, "விளங்கிச்சோ?" என்பார். "ஆமாங்க சேர்!" என்று தகரக் கூரை அதிரும். அடுத்த கணக்கு. "விளங்கிச்சோ?" "ஆமாங்க சேர்!" அடுத்தது. இப்படியே போய், ஒரு தவணை முழுக்கப் படிக்க வேண்டிய புத்தகத்தை அவர் ஊதித் தள்ளிக்கொண்டிருந்தார். மலை இறக்கத்தில் பிரேக் இல்லாத லொறி மாதிரி ஓட்டம்.

இந்த "ஆமாங்க"வைப் பற்றி நான் ஒன்று சொல்லியாக வேண்டும். நான் கொழுந்து எடுத்த காலத்தில் காலையில் பெரட்டுக்குப் போய் வரிசையாக நிற்போம். தோட்டத்து வேலையைப் பார்க்கிற கண்டாக்கையா வந்து இன்றைக்கு எந்த மலையில் வேலை என்று சொல்லுவார். காற்றிலும் மழையிலும் பாதி காதில் விழாது. ஆனாலும் எல்லோரும், "சரிங்கய்யா!" என்போம். அப்புறம் பாதி வழியில்தான் பேச்சு.

"ஏண்டி, எந்த மலைன்னாரு?"

"தெரியலக்கா. நீங்க தலையாட்டுனீங்க, நானும் ஆட்டுனேன்."

"அடிப்பாவி, முன்னால நின்னவ ஆட்டுனான்னுதானே நான் ஆட்டுனேன்!"

ஒருநாள் கண்டாக்கையா ஒரு மலையிலும், நாங்கள் அத்தனை பேரும் வேறொரு மலையிலும் நின்றோம். நடுவில் ஆறு. பெரியவர்களிடம் வெளங்கல என்று சொல்வது, நீங்கள் சொன்னது சரியில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வது மாதிரி. அப்படித்தான் எங்களுக்கு. தாய் தலையாட்டினால் பிள்ளையும் ஆட்டும்தானே?

பரீட்சை வைத்தார். அன்று மாலை விடைத்தாள் கட்டோடு குசினிக்கு வந்து விறகுக் கட்டின்மேல் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எனக்குப் படித்துக் காட்டினார். ஒரு பிள்ளை கேள்வியையே மூன்று கலரில் திருப்பி எழுதியிருந்தது. இன்னொன்று கணக்குக்குப் பக்கத்தில் பஸ் வரைந்து, வாசலில் தொங்குகிற கண்டக்டரையும் வரைந்திருந்தது. தர்ஷினி என்கிற பிள்ளை எல்லாக் கேள்விக்கும் கீழே ஒரே விடையை எழுதியிருந்தது: ஆமாங்க சேர்.

இந்தத் தர்ஷினி கொழுந்து எடுக்கிற செல்வியின் மகள். அவள் குரல் எப்படியிருக்கும் என்று அவளோடு ஒரே வாங்கில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கே தெரியாது. கூட்டத்தோடு சேர்ந்து "ஆமாங்க சேர்" சொல்லும்போதுகூட வாயை மட்டும்தான் அசைப்பாள்.

சேர் அன்றைக்குத் தேத்தண்ணி கேட்கவில்லை. மறுநாள் காலையில் வகுப்பில் புத்தகத்தை மூடி வைத்தார். அப்புறம் ரொம்ப நிதானமாகச் சொன்னார்:

"நாளைக்கு ஒரு யானை பறந்து வந்து எங்கட பள்ளிக்கூடக் கூரையில முட்டை இடும். விளங்கிச்சோ?"

"ஆமாங்க சேர்!"

"இண்டைக்கு மத்தியானம் அம்மம்மா உங்கள் எல்லாரையும் வெட்டிக் குழம்பு வைக்கப் போறா. விளங்கிச்சோ?"

"ஆமாங்க சேர்!"

குசினியில் என் கையிலிருந்த அகப்பை நழுவிக் குழம்புக்குள் போய்விட்டது. சேர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். அழப்போகிறார் என்று நினைத்தேன். மனிதர் சிரிக்க ஆரம்பித்தார். துவாய் நழுவி விழுகிற வரைக்கும் சிரித்தார்.

"பிள்ளையள், இனிமேல் ஆர் 'விளங்கேல்லை' எண்டு சொல்லுறியளோ, அவைக்கு நாங்கள் எல்லாரும் எழும்பிக் கைதட்டுவம்."

"சரிங்க சேர்!"

"சரி எண்டு சொல்லாதேங்கோ!"

"சரிங்க சேர்!"

சும்மா சொல்லக்கூடாது, அந்த மனிதர் படாத பாடு பட்டார். "விளங்கேல்லை" என்பதைப் பாட்டு மாதிரிச் சொல்லிக்கொடுத்தார். அது எங்கள் பிள்ளைகள் வாயில் "வெளங்கல" என்று வந்தது. பாட்டை அழகாகப் பாடினார்கள். பாடம் தொடங்கியதும் பழையபடி "ஆமாங்க சேர்". வேண்டுமென்றே பிழையாகக் கணக்குப் போட்டுப் பார்த்தார். தலைகீழாக எழுதிப் பார்த்தார். ஒருநாள் கதவுக்குப் பின்னால் மறைந்து நின்று கொண்டு ஒரு பாடத்தை முழுவதும் குசுகுசுவென்று நடத்திவிட்டு எட்டிப் பார்த்தார். "ஆமாங்க சேர்!"

கடைசியில் ஒரு குறும்புக்காரப் பயல்தான் உடைத்தான். எழுந்து, "வெளங்கலங்க சேர்" என்று சொல்லிவிட்டு, அடி விழும் என்று இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு குனிந்தான். சேர் ஓடிவந்து அவன் முன்னால் நின்று கைதட்டினார். கையில் காலுறை அல்லவா, சத்தமே வரவில்லை. பொத்து, பொத்து, பொத்து. பயல் தலையை நிமிர்த்திப் பார்த்தான். அதற்கப்புறம் வகுப்பே கைதட்டியது.

அன்றோடு எங்கள் தோட்டம் கெட்டது. எந்த வீட்டிலும் ஒரு வேலை நடக்கவில்லை. "போயி தண்ணி அள்ளிக்கிட்டு வாடா" என்றால், "வெளங்கலப்பா" என்று சொல்லிவிட்டுத் தனக்குத்தானே கைதட்டிக்கொள்ளும். கோயிலில் பூசாரி மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கிறார், நடுவில் ஒரு வாண்டு எழுந்து, "வெளங்கலங்க சாமி" என்றது. பூசாரிக்கே வெளங்காத மந்திரம், அவர் என்ன செய்வார்? விபூதியைக் கையில் கொடுத்து உட்காரவைத்தார். ஒருநாள் காலையில் பெரட்டுக்குத் தாயோடு ஒட்டிக்கொண்டு வந்த பிள்ளை, இப்போதிருக்கிற கண்டாக்கையாவைப் பார்த்து, "வெளங்கலங்கய்யா" என்றிருக்கிறது. அவர் திகைத்துப்போய் மறுபடி ஒரு தடவை உரக்கச் சொன்னார். அன்றைக்குத்தான் எல்லோரும் சரியான மலைக்குப் போனார்களாம்.

சேருக்கும் அப்போதுதான் இந்தப் பேர் விழுந்தது.

ஆனால் தர்ஷினி மட்டும் வாயைத் திறக்கவில்லை. வகுப்பே மாறி மாறி எழுந்து வெளங்கல என்கிறது, அவள் மட்டும் மேசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். சேருக்கு அது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. அதைச் சரி செய்யப் போய்த்தான் வம்பில் மாட்டிக்கொண்டார்.

யாழ்ப்பாணத்தில் எப்படியோ தெரியாது, எங்கள் வாயில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு முகம் உண்டு. "நீ வெளங்கவே மாட்டே" என்றால் நீ உருப்படமாட்டாய், உன் வாழ்க்கை துலங்காது என்று சாபம். பெற்ற தாய்கூடக் கோபத்தில் அதைச் சொல்லிவிட்டு வாயில் அடித்துக்கொள்வாள். வாத்தியார் வாயிலிருந்து வந்தால் கேட்கவே வேண்டாம், பலித்துவிடும்.

சேர் ஒரு மாலை கொழுந்து நிறுக்கிற இடத்துக்கே செல்வியைத் தேடிப் போனார். நான் அங்கே இல்லை. ஆனாலும் அங்கே இருந்தவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். அவர் சொன்னது இவ்வளவுதான்: "அம்மா, உங்கட மகள் விளங்கேல்லை எண்டு ஒருநாளும் சொல்லுறாவில்லை. கேட்டாத்தானே விளங்கும், கேக்காட்டி விளங்காது." பாதியில் கொழுந்து ஏற்ற வந்த டிரக்டரை எவனோ கிளப்பிவிட்டான். அந்தச் சத்தத்தில் செல்வியின் காதில் விழுந்தது மூன்றே சொல்: "உங்கட மகள்... விளங்காது."

செல்வி கொழுந்துச் சாக்கைக் கீழே போட்டாள். டிரக்டர் நின்றபோது சேர் சிரித்த முகமாகக் கும்பிட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்.

எங்கள் மலையில் ஒரு செய்தி மேலே ஏறும்போது மூச்சு வாங்கி வீங்கிவிடும். கீழ் லயத்தில், "சேர் செல்வி மகள வெளங்காதுன்னு சொல்லிப்புட்டாராம்." நடு லயத்தில், "செல்வி மகள மட்டுமில்லையாம், எல்லாப் புள்ளையையுமாம்." மேல் லயத்துக்கு வந்தபோது, "மண்ணை வாரித் தூத்தினாராம்டி, நடுரோட்டுல நின்னு!" செல்வி போனை எடுத்து, கொழும்பில் கடையில் நிற்கிற தம்பிக்கு அழுது அழுது வொய்ஸ் மெசேஜ் போட்டாள். அவன் ரோசக்காரன். அதை அப்படியே, வாத்தியார்களை அனுப்புகிற படிப்புக் கந்தோர் ஐயா ஒருவருக்கு அனுப்பிவிட்டான்.

மறுநாள் காலையில் பெண்கள் எல்லோரும் தலையில் கொழுந்துக் கூடையோடு பள்ளிக்கூட வாசலுக்கு வந்துவிட்டார்கள். நானும் அகப்பையோடு போய் நின்றேன். சண்டை என்றால் அடுப்பை அணைத்துவிட்டுப் போகிறவள் நான்.

"நல்லாருக்குற புள்ளையப் பாத்து அப்பிடிச் சொல்லலாமாங்க?"

"அது ஒங்களுக்கு என்னாங்க பாவம் பண்ணுச்சு? வாயே தொறக்காத புள்ளைங்க அது!"

"படிச்சவங்க பேசுற பேச்சாங்க இது?"

சேர் கதவைப் பிடித்துக்கொண்டு நடுங்கினார், இந்தத் தடவை குளிரில் இல்லை. "அம்மா... அம்மாக்கள்... நான் அப்பிடி ஒண்டும்... எல்லாரும் ஒண்டாக் கத்தினால் எனக்கு ஒண்டும் விளங்கேல்லை!"

உள்ளேயிருந்து படபடவென்று கைதட்டல்.

பிள்ளைகள் எல்லோரும் எழுந்து நின்று, சேருக்குக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். விளங்கேல்லை என்று யார் சொன்னாலும் தட்ட வேண்டும் என்பதுதானே சட்டம்? முதலில் யார் சிரித்தது என்று தெரியாது. நானாகத்தான் இருக்கும். கொஞ்ச நேரத்தில் கூடைகள் எல்லாம் குலுங்கின. சேர் மூச்சு வாங்கி, தான் என்ன சொன்னார், டிரக்டர் என்ன செய்தது என்று ஒவ்வொரு சொல்லாக விளக்கினார்.

செல்வி மட்டும் சிரிக்கவில்லை. "நீங்க சொல்றத நம்புறேங்க சேர். ஆனா அந்தச் சொல்லு எங்காதுல விழுந்துருச்சு. அத எடுத்துப்புடுங்க. அந்தா மாரியம்மா இருக்கா. அவளப் பாத்து, எம்மக வெளங்குவான்னு ஒங்க வாயால சொல்லுங்க."

சேர் கைக் காலுறையைக் கழற்றினார். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற கோயிலைப் பார்த்துக் கும்பிட்டார். "தர்ஷினி விளங்குவா. நல்லா விளங்குவா. ஊரே பாக்க விளங்குவா." செல்வி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

ஆனால் அனுப்பின மெசேஜ் போனது போனதுதானே? செல்வி இன்னொன்று அனுப்பினாள். "ஐயா, மொத அனுப்புனதக் கேக்காதீங்க, இதக் கேளுங்க" என்று தொடங்கி, சேவல் கூவி, குக்கர் விசிலடித்து, பக்கத்து வீட்டுச் சண்டையும் பாதி உள்ளே வந்த மெசேஜ். அதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கந்தோரிலிருந்து பதில் வந்தது. ஒரு ஐயா நேரில் வந்து சேர் படித்துக் கொடுப்பதைப் பார்ப்பார், சரியில்லை என்றால் வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்கள்.

லயத்தில் ஒருவருக்கும் சோறு இறங்கவில்லை. செல்விக்கு நித்திரையே இல்லை. "வராது வந்த சேர நானே பஸ்ஸேத்தி அனுப்பப்போறேனே" என்று புலம்பினாள்.

நான் சேரிடம் சும்மா கேட்டுப் பார்த்தேன். "மாத்துனா ஒங்களுக்கு நல்லதுதானேங்க சேர்? ஊர்ப் பக்கம் போகலாம். வெயில் இருக்கும்."

அவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அந்தப் பிள்ளை ஒரு சொல்லும் கதைக்காமல் நான் எங்க போறது, அம்மம்மா?"

ஐயா வருகிற அன்று காலையில் தாய்மார் எல்லோரும் தங்கள் பிள்ளைகளுக்கு எண்ணெய் வைத்துத் தலை வாரும்போதே மந்திரம் ஓதினார்கள். "இந்தா பாரு, அந்த ஐயா முன்னால ஆமாங்கன்னு மட்டுந்தான் சொல்லணும். வெளங்கல கிளங்கலன்னு வாயத் தொறந்தே, சூடு வச்சிருவேன். சேர அனுப்பிருவாங்க, தெரிஞ்சுக்க!" ஒவ்வொரு வீட்டிலும் இதேதான். சேர் பாடுபட்டுப் பிடுங்கின களையைத் தாய்மார் ஒரே காலையில் திரும்ப நட்டுவிட்டார்கள்.

ஐயா வந்தார். பெரிய உடம்பு, சின்னப் பிள்ளை நாற்காலி. முழங்கால் இரண்டும் தாடையில் இடிக்க வகுப்பின் பின்னால் உட்கார்ந்தார். என் குசினிச் சன்னலில் செல்வியும் நானும். எங்களுக்குப் பின்னால், வேலைக்குப் போகாமல் நின்ற பாதித் தோட்டம்.

சேர் வகுத்தல் கணக்கு எடுத்தார். பதினேழு பிஸ்கட்டை ஐந்து பேருக்குப் பங்கு போட வேண்டும். ஆளுக்கு மூன்று, மிச்சம் இரண்டு. எழுதி முடித்துத் திரும்பினார்.

"விளங்கிச்சோ?"

"ஆமாங்க சேர்!"

கூரை அதிர்ந்தது. சேரின் முகம் விழுந்துவிட்டது. ஐயா, "நல்லது" என்று தலையாட்டி, கையிலிருந்த பைலை மூடினார். செல்வி என் கையைப் பிடித்து நசுக்கினாள். "காப்பாத்திட்டே மாரியாத்தா!"

அப்போது ஒரு வாங்கு கிறீச்சிட்டது. தர்ஷினி எழுந்து நின்றாள்.

"எனக்கு வெளங்கலங்க சேர்."

அவ்வளவு நாள் பேசாத குரல் கொஞ்சம் கரகரப்பாக இருந்தது. செல்வி, "பாவி மக" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். பிள்ளைகள் எல்லோரும் ஐயாவைத் திரும்பிப் பார்த்தார்கள், சன்னலில் தாய்மாரைப் பார்த்தார்கள். ஒருவரும் கையை அசைக்கவில்லை.

சேர் ஒருவர்தான் தட்டினார். தனியாக, அந்தக் காலுறைக் கையால். பொத்து, பொத்து, பொத்து. அந்தக் குறும்புக்காரப் பயலுக்கு அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை, அவனும் தட்டினான். அப்புறம் வகுப்பே எழுந்தது.

"என்ன இது? வெளங்கலன்னா கைதட்டுறாங்க?" என்றார் ஐயா.

சேர் காதில் அது விழவேயில்லை. அவர் ஏற்கெனவே தர்ஷினியின் வாங்குக்குப் பக்கத்தில் தரையில் குந்திவிட்டார். "எது விளங்கேல்லை, பிள்ளை?"

"மிச்சம் ரெண்டு பிஸ்கட்டுங்க சேர். அது யாருக்கு?"

ஐயாதான் பின்னாலிருந்து பதில் சொன்னார். "மிச்சம்னா மிச்சந்தாம்மா. எழுதிட்டு அப்பிடியே விட்டுற வேண்டியதுதான்."

தர்ஷினி திரும்பி அவரைப் பார்த்தாள். "பிஸ்கட்ட எப்பிடிங்கய்யா அப்பிடியே விடுறது?"

வகுப்பு வெடித்தது. வீட்டில் இருக்கிற தம்பிக்குக் கொடுக்கலாம் என்றது ஒரு பிள்ளை. சண்டை போடாத ஆளுக்குக் கொடுக்கலாம் என்றது இன்னொன்று. "குசினிப் பாட்டிக்குக் குடுங்க சேர்!" என்றது ஒரு தங்கமான பிள்ளை. நான் சன்னலிலிருந்தே சம்மதம் சொன்னேன். யாரோ, "பிச்சுக் குடுக்கலாம்ல?" என்றது. எத்தனையாகப் பிய்ப்பது? ஐயாவால் நாற்காலியில் இருக்க முடியவில்லை. பலகைக்கு வந்து சோக் கட்டியைப் பிடுங்கி, ஒரு வட்டப் பிஸ்கட் வரைந்து, அதை ஐந்தாக வெட்டப் பார்த்தார். ஒரு துண்டு பெரிது, ஒரு துண்டு சின்னது. "சின்னது யாருக்குங்கய்யா?" என்று நாலைந்து குரல். "நீட்டுப் பிஸ்கட்டு வரைங்கய்யா!" என்று இன்னொரு குரல். வரைந்தார். வெட்டினார். இரண்டு பிஸ்கட்டிலும் ஆளுக்கு ஒவ்வொரு துண்டு. ஐயாவின் கறுப்புக் காற்சட்டை முழுவதும் வெள்ளையாகிவிட்டது. என் பருப்பு ஆறிப் போயிற்று.

"இப்ப வெளங்குதுங்க" என்று தர்ஷினி உட்கார்ந்தாள்.

முதலில் கைதட்டியது ஐயா.

வெளியே வந்தவர் பெண்கள் கூட்டத்தைப் பார்த்தார். "இந்த சேரைப் பத்தி முறைப்பாடு சொன்னது யாரு?" எல்லோரும் மழை வருகிறதா என்று ஆகாயத்தைப் பார்த்தார்கள். செல்விதான் முன்னால் வந்தாள்.

"நாந்தாங்கய்யா. எனக்குத்தான் வெளங்காமப் போச்சு. இவர அனுப்பிறாதீங்கய்யா."

"நான் ஏம்மா அனுப்பப்போறேன்? இங்கயே இருக்கட்டும். அவருக்கு இருக்க இஷ்டமான்னு அவரைக் கேளுங்க."

அத்தனை பேரும் சேரைப் பார்த்தோம். அவர் கைக் காலுறைகளைக் கழற்றினார். அப்புறம் தன் ஊர்ப் பேச்சை விட்டு, எங்கள் பேச்சில், தப்பில்லாமல் ஒரே சொல் சொன்னார்.

"இருக்கேங்க."

இருந்துவிட்டார். இப்போது புதிதாக எந்த வாத்தியார் வந்தாலும் அவரைக் குசினிக்குக் கூட்டிவந்து, தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து, "விளங்கிச்சோ எண்டு மட்டும் கேளாதேங்கோ. எது விளங்கேல்லை எண்டு கேளுங்கோ" என்று ஆரம்பித்துவிடுவார். தர்ஷினி இப்போது டவுன் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். ரொம்பக் கேள்வி கேட்கிறாள் என்று அங்கேயிருந்து செல்விக்குக் குற்றச்சாட்டு வருகிறது. செல்வி அதை லயம் முழுக்கச் சொல்லிப் பெருமைப்படுகிறாள்.

ஆனாலும் ஒவ்வொரு பள்ளி விடுமுறைக்கும் சேர் ஊருக்குப் பஸ் ஏறும்போது எங்களுக்குள் ஒரு பயம் வரும். தாய் இருக்கிற இடம், வெயில் இருக்கிற இடம், திரும்பி வருவாரோ என்னவோ. இந்தத் தடவையும் அப்படித்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். நேற்று அவருடைய அம்மா எனக்குப் போன் எடுத்தார். "அம்மா, உங்கட பிள்ளையை பஸ்ஸில ஏத்திப்போட்டன். பத்திரமா இறக்கிக்கொள்ளுங்கோ" என்றார்.

பஸ் மத்தியானத்துக்குத்தான் வரும். நாங்கள் காலையிலேயே ரோட்டுக்கு வந்துவிட்டோம்.